‘ரிப்ளை 1988’: இரண்டாம் முறை பார்க்கும்போது ஐந்து வீடுகளின் முன்கதையைப் படித்தறிவது எப்படி

தென்கொரியாவின் டிவிஎன் அலைவரிசையில் 2015 நவம்பர் 6 அன்று தொடங்கி 2016 ஜனவரி 16 அன்று 20 பாகங்களோடு நிறைவடைந்த ‘ரிப்ளை 1988’ தொடரை முதல் முறை பார்க்கிறவர்கள், பெரும்பாலும் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் கடைசிவரை செல்கிறார்கள். நடுத்தர வயதை எட்டிவிட்ட நாயகி தொக்சன், தன் கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பழைய நாள்களை நினைவுகூர்கிறாள். அந்தக் கணவர் தெருவில் அவளோடு வளர்ந்த நான்கு பையன்களில் யார் என்பதே அந்தக் கேள்வி. இயக்குநர் ஷின் வொன்-ஹோவும் எழுத்தாளர் லீ வூ-ஜங்கும் இந்தப் புதிரை மிகத் திறமையாக நீட்டிக்கொண்டு போகிறார்கள். ஆனால் அதற்கு நாம் ஒரு விலை கொடுக்கிறோம். பிள்ளைகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால், அவர்களுக்குப் பின்னால் அடுப்படியிலும் வாசல் திண்ணையிலும் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களை நாம் சரியாகப் பார்ப்பதில்லை. விடை தெரிந்த பிறகு தொடங்கும் இரண்டாம் சுற்றில்தான் கண் விடுபட்டு, அந்தப் பெரியவர்கள் பக்கம் திரும்புகிறது.

தொடரை ஒரு முறையாவது முடித்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வருவது நல்லது, ஏனெனில் பின்பகுதியில் நடக்கும் ஒரு திருமணத்தைப் பற்றி இங்கே பேசியாக வேண்டியிருக்கிறது.

தொடங்கும் முன்

ஒரு பாகம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடக்கூடியது என்பதால், ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் பார்க்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஐந்து வீட்டுக்கும் தலா நான்கு பக்கம் ஒதுக்குங்கள். தொக்சனின் பெற்றோரான சங் தோங்-இல், இல்வா தம்பதியின் வீடு. கிம் சங்-கியூன், ரா மி-ரான் தம்பதியின் வீடு. கணவரை இழந்த சன்யங்கின் வீடு. மனைவியை இழந்த சோய் மூ-சங்கின் வீடு. தொக்சனின் தோழன் தோங்ரியோங்கின் வீடு; அவன் தந்தை பள்ளி ஆசிரியர். எல்லாமே சோல் நகரின் வடபகுதியில் உள்ள சாங்முன்-தோங்கின் ஒரே சந்தில் இருக்கின்றன.

ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாத்திரம் தன் வாயால் சொன்னது முதல் பத்தி. யாரும் சொல்லாமல் திரையில் காட்டப்பட்டது இரண்டாவது. நீங்களாக ஊகித்தது மூன்றாவது. இந்தப் பிரிவினை அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மூன்றாம் பத்தியில் இருக்க வேண்டியதை முதல் பத்தியில் எழுதிவிடுவதுதான் இத்தகைய ஆய்வுகள் எல்லாம் கெட்டுப்போகும் இடம். ஒரு தாயின் முகவாட்டத்தைப் பார்த்து நாம் கட்டிக்கொள்ளும் கதை, நம் சொந்த வீட்டுக் கதையாகவே இருந்துவிடக்கூடும்.

முதல் படி: யார் மேலே, யார் கீழே

எந்த வீடு எங்கே இருக்கிறது என்று ஒரு படம் வரையுங்கள். தொக்சனின் குடும்பம் வசிப்பது கொரியாவில் ‘பஞ்சிஹா’ எனப்படும், பாதி நிலத்துக்குள் புதைந்த வீட்டில். அதற்கு மேலே நல்ல வெளிச்சத்தோடு இருப்பது வீட்டுக்காரரான கிம் சங்-கியூனின் குடும்பம். தொக்சனின் வீட்டார் வாசலுக்கு வரவேண்டுமானால் படியேறித்தான் வரவேண்டும். தொடரில் எவரும் இந்த ஏற்றத்தாழ்வைப் பெரிதாகப் பேசுவதில்லை. மி-ரான் கீழ்வீட்டுக்கு உதவும்போதெல்லாம் வாங்குகிறவரின் மனம் நோகாத ஒரு வழியைத் தேடுகிறார். அந்தத் தேடல்களை இரண்டாம் பத்தியில் குறித்து வாருங்கள்.

இரண்டாம் படி: பணம் எப்படி வந்தது, எப்படிப் போனது

இந்தத் தொடரில் ஒரு குடும்பத்தின் முன்கதையைத் திறக்கும் முதல் சாவி பணம்தான், ஆகவே இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தோங்-இல் வங்கி ஊழியர். 1988இல் வங்கி வேலை என்பது கௌரவமான, நிரந்தரமான வேலை. அப்படியிருந்தும் குடும்பம் நிலத்தடி வீட்டில் இருப்பதற்குக் காரணம், நண்பரின் கடனுக்கு அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டது. சம்பளத்தின் பெரும்பகுதி யாரோ வாங்கிய கடனை அடைக்கவே போகிறது. கதையில் இது சீக்கிரமே சொல்லப்பட்டுவிடுகிறது. சொல்லப்பட்டதாலேயே நாம் அதைக் கடந்துபோய்விடுகிறோம். இரண்டாம் சுற்றில் செய்ய வேண்டியது, அந்தக் கையெழுத்தைப் போட்ட கை இன்னமும் அதே வேலையைச் செய்துகொண்டிருப்பதைக் கவனிப்பதுதான். வேலை முடிந்து குடித்துவிட்டு வரும் இரவுகளில், தெருவோரத்தில் விற்கிற யாரையாவது பார்த்து இரங்கி, வீட்டுக்குத் தேவையில்லாத எதையாவது வாங்கிக்கொண்டு வருகிறார். இல்வா கத்துகிறார். முதல் முறை பார்க்கும்போது இது சிரிப்புக் காட்சி. ஜாமீன் கையெழுத்துக்குப் பக்கத்தில் இதை எழுதிப் பாருங்கள்: முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்லத் தெரியாத ஒரு மனிதர், அதற்கான செலவைத் தன் மனைவியின் பெட்டியிலிருந்து கட்டிக்கொண்டேயிருக்கிறார். அவரை நான் வெறுக்கவில்லை, அவர் மிக நல்ல மனிதர் என்றே நினைக்கிறேன். ஆனால் அவருடைய நற்குணத்தின் கணக்கு இல்வாவின் பேரில்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்காமல் அந்த வீட்டைப் புரிந்துகொள்ள முடியாது.

மேல்வீட்டில் இதற்கு நேர்மாறான கணக்கு. இன்றைக்குச் சிறுத்தைப்புள்ளிச் சட்டை போட்டுக்கொண்டு வரும் மி-ரானும் அவருடைய கணவரும் முன்பு மிக ஏழையாக இருந்தவர்கள். மூத்த மகன் ஜங்போங் வாங்கிய ஒலிம்பிக் லாட்டரிச் சீட்டுக்குப் பரிசு விழுந்ததால்தான் இந்த வாழ்வு. அந்த ஜங்போங் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்பவர், விதவிதமான பொருள்களைச் சேகரித்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பவர். அத்தோடு அவருக்குப் பிறந்ததிலிருந்து இதய நோய். பெற்றோர் அவரை ஏன் அவ்வளவாகக் கடிந்துகொள்வதில்லை என்ற கேள்விக்கு லாட்டரி மட்டும் விடையல்ல. ஒரு காலத்தில் இந்தப் பிள்ளை பிழைத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டவர்கள் அவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதோடு, இளைய மகன் ஜங்வான் ஏன் கேட்டு வாங்கத் தெரியாதவனாக வளர்ந்தான் என்பதற்கான தடயமும் இங்கேதான் கிடக்கிறது.

மூன்றாம் படி: சாப்பாட்டை வசனமில்லாமல் பாருங்கள்

இந்தப் படியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் அம்மா. ஒரு மழைநாள் மாலையில் முதல் பாகத்தை நான் மறுபடி ஓடவிட்டிருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முறத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். ஆங்கில வசனவரிகளைப் படிக்க அவருக்கு வராது. அவ்வப்போது நிமிர்ந்து படத்தை மட்டும் பார்த்தார். தொக்சனின் வீட்டில் சாப்பாடு நடக்கும் காட்சி வந்தபோது, நார் உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. “அந்த நடுப்பிள்ளைக்கு மட்டும் ஏன் முட்டை வைக்கல?” என்று கேட்டார். நான் அந்தக் காட்சியை அதற்கு முன் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் திரையின் அடியில் ஓடிய எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தேனே தவிர, தட்டைப் பார்க்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு பாகத்திலும் ஒரு சாப்பாட்டுக் காட்சியைத் தேர்ந்தெடுத்து, வசனவரிகளை நிறுத்திவிட்டு, ஒலியையும் குறைத்துவிட்டுப் பாருங்கள். யார் பரிமாறுகிறார், யாருக்கு முதலில் போகிறது, யார் கடைசியில் உட்காருகிறார், எவருடைய கை எந்தக் கிண்ணத்தை எட்டுகிறது. பொரித்த முட்டை அக்கா போராவுக்கும் தம்பி நோ-உலுக்கும் போகிறது. கோழியென்றால் கால் இரண்டும் அவர்களுக்கு, தொக்சனுக்கு இறக்கை. அக்காவின் பிறந்தநாளும் தங்கையின் பிறந்தநாளும் சில நாள் இடைவெளியில் வருவதால், ஒரே கேக்கில் மெழுகுவத்தியை மாற்றிச் செருகி இரண்டையும் முடித்துவிடுகிறார்கள். தொக்சன் வெடித்து அழும்போது இவை எல்லாவற்றையும் பட்டியலாகச் சொல்லி அழுகிறாள். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் நம் கண் முன்னால் ஏற்கெனவே நடந்ததுதான்.

அதே முதல் பாகத்தில் இன்னொரு காட்சி உண்டு. அக்காலக் கொரிய வீடுகளில் தரையைச் சூடாக்க எரித்த நிலக்கரி உருளைகளிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடு வாயு பல உயிர்களை வாங்கியிருக்கிறது. தொக்சனின் வீட்டிலும் ஓர் இரவு வாயு கசிகிறது. பெற்றோர் மூத்தவளையும் கடைக்குட்டியையும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறார்கள். நடுப்பிள்ளை தானாகத் தவழ்ந்து வெளியே வருகிறாள். வேடிக்கையாகப் படமாக்கப்பட்ட இந்தக் காட்சியை முட்டைக்கும் கேக்குக்கும் பக்கத்தில் எழுதிவைத்தால், அவளுடைய பிறந்தநாள் அழுகை கேக்கைப் பற்றியது மட்டுமல்ல என்பது விளங்கும். பிறகு தந்தை தனியாக ஒரு கேக் வாங்கிக்கொண்டு வந்து, தானும் பிறக்கும்போதே தந்தையாகப் பிறக்கவில்லை, தனக்கும் இது முதல் முறைதான் என்று அவளிடம் மன்னிப்புக் கேட்கிறாரே, அந்த இடத்தைப் பலரும் தனியே வெட்டியெடுத்துப் பார்க்கிறார்கள். அதை முன்னுள்ளவற்றோடு சேர்த்துத் தொடர்ச்சியாகப் பாருங்கள்; கனம் வேறாக இருக்கும்.

சன்யங்கின் சமையலையும் இந்தப் பக்கத்திலேயே குறியுங்கள். அவருக்குச் சமைக்க வராது. மகன் சன்வூ அந்தச் சாப்பாட்டை முகம் சுளிக்காமல் சாப்பிட்டு முடிக்கிறான். தந்தை இறந்த வீட்டில் மூத்த மகன் எப்படிப்பட்டவனாக ஆகிப்போனான் என்பதைப் பேச்சு இல்லாமலே அந்தக் காலிக் கிண்ணம் சொல்லிவிடுகிறது.

நான்காம் படி: வயதும் ஊரும்

பிள்ளைகள் 1971இல் பிறந்தவர்கள். 1988இல் மேல்நிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறார்கள். தொடரில் அவர்கள் 18 வயதினராகச் சொல்லப்படுவது கண்டு குழம்ப வேண்டாம்: பிறந்த அன்றே ஒரு வயது, பிறகு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரு வயது என்று கூட்டும் பழைய கொரியக் கணக்கு அது. சட்டப்படி அந்தக் கணக்கு கைவிடப்பட்டது 2023இல்தான்.

இப்போது பெற்றோரின் வயதைக் கணக்கிடுங்கள். 1988இல் நாற்பதுகளில் இருக்கும் ஒருவர் 1940களில் பிறந்திருக்க வேண்டும். கொரியப் போர் 1950 முதல் 1953 வரை நடந்தது. அப்படியானால் இந்தச் சந்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிற தாய்மார்களும், திண்ணையில் குடிக்கிற தந்தைமார்களும் போர்க்காலக் குழந்தைகள். தொடர் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பதால் இது உங்கள் மூன்றாம் பத்திக்கு உரியது. ஆயினும் மி-ரான் ஏன் எப்போதும் அண்டா அண்டாவாகச் சமைக்கிறார் என்று யோசிக்கும்போது இந்த ஆண்டுக்கணக்கு மனத்தில் இருப்பது நல்லது. பாஸ்போர்ட் விஷயமாகப் பேச நேரும் ஓரிடத்தில், தனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்று அவர் ஜங்வானிடம் ஒப்புக்கொள்கிறார். குரல் தாழ்ந்து, சிறிது தயங்கி வரும் அந்த ஒரு வாக்கியத்தில், அவர் தலைமுறைப் பெண்களில் எத்தனையோ பேருக்கு மூடப்பட்ட பள்ளிக்கூடக் கதவு தெரிகிறது.

ஊரைக் கண்டுபிடிப்பது நமக்குக் கொஞ்சம் கடினம், ஏனென்றால் வசனவரிகள் வட்டார வழக்கை அழித்துவிடுகின்றன. தோங்-இல் பேசுவது தென்மேற்கிலுள்ள ஜியொல்லாப் பகுதிப் பேச்சு. இல்வா பேசுவது தென்கிழக்கின் கியோங்சாங் பேச்சு. மதுரைக்காரரும் நாகர்கோவில்காரரும் சென்னையில் குடித்தனம் நடத்துவது போல, இருவரும் வேறு வேறு திசையிலிருந்து தலைநகருக்கு வந்து சேர்ந்தவர்கள். 1960இல் சுமார் 24 லட்சமாக இருந்த சோல் நகரின் மக்கள்தொகை 1988இல் ஒரு கோடியை எட்டியது. அந்தப் பெருக்கத்தில் இந்தச் சந்தின் பெரியவர்களும் அடக்கம். மொழி தெரியாவிட்டாலும் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டுப் பழகுங்கள். நாலைந்து பாகங்களில் வித்தியாசம் காதில் விழத் தொடங்கும்.

ஐந்தாம் படி: பெயரும் முறைச்சொல்லும்

போரா என்றால் ஊதா நிறம். நோ-உல் என்றால் அந்திச் செவ்வானம். இரண்டும் அழகான தூய கொரியச் சொற்கள். நடுவில் பிறந்தவளுக்கு மட்டும் தொக்சன் என்று பழைய காலத்துப் பெயர். தன்னைச் சூ-யோன் என்று கூப்பிடச் சொல்லி அவள் அடம்பிடிப்பதைப் பதின்வயதுப் பெண்ணின் ஆசையென்று ஒதுக்கிவிடாமல், முட்டையும் கேக்கும் இருக்கும் பக்கத்திலேயே அதையும் எழுதுங்கள்.

முறைச்சொற்கள் இன்னும் பயன் தருபவை. இல்வாவும் சன்யங்கும் மி-ரானை ‘ஹியோங்னிம்’ என்று அழைக்கிறார்கள். மூத்த ஓரகத்தியை அழைக்கும் சொல் அது. இரத்த உறவோ கொள்வினை கொடுப்பினையோ இல்லாத மூன்று பெண்கள் ஒரு கூட்டுக் குடும்பத்தை அந்தச் சொல்லாலேயே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சன்யங், மூ-சங்கை ‘ஒப்பா’ என்கிறார்; பெண்கள் அண்ணனை அழைக்கும் சொல் அது. அவர் தன் அண்ணனின் நண்பர், ஒரே ஊர்க்காரர் என்பதால் சிறுவயதிலிருந்து வந்த அழைப்பு அது. இருவரும் துணையை இழந்தவர்கள், எதிரெதிரே வாழ்பவர்கள். பிற்பாடு அவர்களுக்கிடையே வளரும் நெருக்கம் எங்கே தொடங்கியது என்று தேடினால், அந்த ஒற்றைச் சொல் முதன்முதலில் ஒலிக்கும் இடத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கொரியப் பிள்ளைகளும் தந்தையை ‘அப்பா’ என்றும் தாயை ‘ஒம்மா’ என்றும் அழைப்பது நம் காதுக்கு மிக இனிமையாக இருக்கிறது. அந்த இனிமையிலேயே, அவர்கள் வழக்கமெல்லாம் நம் வழக்கம்தான் என்று எண்ணத் தோன்றும். போராவும் சன்வூவும் மணக்க விரும்பும்போது வரும் தடை இதற்கு நல்ல சோதனை. இருவருடைய குடும்பப் பெயரும் சங். பூர்வீக வேரும் ஒன்று. அப்படிப்பட்டவர்கள் மணந்துகொள்வதைக் கொரியச் சட்டமே அப்போது தடுத்திருந்தது. 1997இல்தான் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடை அரசியலமைப்போடு பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. பங்காளி வீட்டில் பெண் எடுப்பதில்லை என்ற நம் ஊர்க் கட்டுப்பாடு உடனே நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் நம்மிடம் மாமன் மகளும் அத்தை மகனும் முறைப்பிள்ளைகள். கொரியச் சட்டத்திலோ அத்தகைய நெருங்கிய உறவுத் திருமணத்துக்கும் இடமில்லை. ஒப்புமை வாசல்வரை அழைத்துச் செல்லும்; உள்ளே போக அவர்கள் விதிகளைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

ஆறாம் படி: இறந்தவர்கள், வந்துபோகிறவர்கள்

மூ-சங்கின் மகன் தேக்கின் தாய், சன்வூவின் தந்தை, தோங்-இல்லின் தாய் ஆகியோருக்குத் தனியே ஒரு பக்கம் கொடுங்கள். இரண்டாம் பாகத்தில் வரும் பாட்டியின் இறுதிச் சடங்கை நிதானமாகப் பாருங்கள். பெரியவர்கள் வந்தவர்களோடு சிரித்துப் பேசுவதையும் சீட்டாடுவதையும் கண்டு பிள்ளைகள் திகைக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து மூத்த அண்ணன் வந்து சேர்ந்ததும், அதுவரை சிரித்துக்கொண்டிருந்த தோங்-இல் உடைந்து கதறுகிறார். அந்த ஒரு நொடியில் அவர் தந்தை அல்ல, தம்பி. அவருக்கும் ஒரு மூத்தவர் இருந்தார், அவரும் யாருக்கோ இளையவர் என்பதைப் பார்த்த பிறகு, இரண்டாம் படியில் எழுதிய குறிப்பை மறுபடி படியுங்கள். சிலவற்றைத் திருத்தத் தோன்றும்.

சன்யங்கின் தாய் மகளைப் பார்க்க வரும் காட்சியும் இதே பக்கத்துக்கு உரியது. தாய்க்குத் தன் வறுமை தெரியக்கூடாதென்று சன்யங் அக்கம்பக்கத்தில் பொருள்களை இரவல் வாங்கி வீட்டை நிரப்பி வைக்கிறார். தாயோ எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, எதுவும் கேட்காமல், பணத்தை மகளின் கண்ணில் பிற்பாடு படும்படி வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அதைக் கண்டெடுத்துவிட்டுத் தொலைபேசியில் சன்யங் அழும்போது, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் அந்தப் பெண் சட்டென்று ஒருவருடைய மகளாகிவிடுகிறார்.

கடைசியாக எழுத வேண்டியது

இருபது பாகங்களும் முடிந்ததும், நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் தொடர்ச்சியாக எழுதுங்கள். சொன்னதும் காட்டப்பட்டதும் முரண்படும் இடங்களிலிருந்து தொடங்கினால் எழுத்து தானாக நகரும். கதையைச் சொல்வது நடுத்தர வயதுத் தொக்சனின் நினைவு என்பதையும் மறக்க வேண்டாம். தன் வீட்டின் அடுப்படி அவளுக்குத் தெரிந்த அளவு மற்ற வீடுகளின் அடுப்படி தெரிந்திருக்க நியாயமில்லை.

இதனால்தானோ என்னவோ, என் நோட்டில் தோங்ரியோங்கின் பக்கங்கள் இன்னும் பாதி வெறுமையாகவே கிடக்கின்றன. தந்தை பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலேயே கண்டிப்பான ஆசிரியர், தாய் காப்பீட்டு வேலையில் ஓடிக்கொண்டிருப்பவர். எல்லோரையும் சிரிக்க வைக்கும் அவன் பெரும்பாலும் அடுத்தவர் வீட்டிலேயே இருக்கிறான். அவனுடைய வீட்டுக்குள் கேமரா போவதே குறைவு. அடுத்த முறை ஓடவிடும்போது முதல் பாகத்திலிருந்து அவனை மட்டும் பார்க்கப் போகிறேன்: எந்த வீட்டில் சாப்பிடுகிறான், எந்நேரத்தில் எழுந்து போகிறான், போகும்போது அவனை வாசல்வரை வந்து அனுப்புவது யார்.